கிரிஞ்சுக்கு விளக்கம் சொன்ன கஜபதி

என்ன ஆனாலும் சரி, இந்த முடியை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று கஜபதி சீப்பின் மேல் ஆணையிட்டார். ஊர் ஊராக ஜனங்கள் வந்து மொட்டை போடும் திருத்தணியில் இருந்துகொண்டே இத்தனை நாள் தப்பித்த தலை அது. ஆனால் மகள் யுவஸ்ரீக்கு நர்ஸிங் சீட்டு கிடைத்தால் வீட்டுக்காரர் முடியைத் தருவதாக மனைவி தமயந்தி முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். சீட்டும் கிடைத்துவிட்டது. தமயந்திக்கும் இடுப்புக்குக் கீழே கூந்தல் உண்டுதான். அதை முருகனிடம் சொல்ல மறந்துவிட்டாளாம்.

பாவம் மனுஷன், சோறு இறங்காமல் யோசித்தார். கடைசியில் மகள் வாயிலிருந்தே ஆயுதம் கிடைத்தது. எதற்கெடுத்தாலும் 'கிரிஞ்ச்' என்பாளே, அந்தச் சொல்.

"தமயந்தி, நான் மொட்டத் தலையோட காலேஜுல போயி நின்னா பாப்பாவுக்கு கிரிஞ்சா இருக்கும்."

"அப்படின்னா இன்னாங்க?"

கஜபதிக்கு வாத்தியார் களை வந்துவிட்டது. "ஒருத்தன் தன்ன பெரிய மன்மதன்னு நெனச்சிகினு ஏதோ பண்ணுவான். பாக்கறவங்களுக்குத்தான் கூச்சமா இருக்கும், உடம்பே நெளியும். அதான் கிரிஞ்ச்."

"ஆளயும் சொல்லலாமா?"

"ஆங். ஆளு, டிரெஸ்ஸு, பாட்டு, எதுக்கு வேணா சொல்லலாம்."

"அந்த ஆளுக்கே தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் பண்ணப் போறான்?"

தமயந்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் இவ்வளவு அடக்கமாகக் கேட்டால் ஆபத்து என்பது கல்யாணமான இத்தனை வருஷத்தில் கஜபதிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

"அப்போ, ஞாயித்துக்கெழம ஆனா டை அடிச்சிகினு, அது வேர்வையில கன்னத்துல வழிய வழிய, கே.ஜி.கண்டிகை பஸ்ஸுல டிரைவர் கண்ணாடிய எட்டிப் பாத்து சீவிகினு வர்றாரே ஒருத்தரு, அது?"

கஜபதியின் கை தானாகக் கன்னத்தைத் துடைத்தது.

தமயந்தி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "பாப்பா, நைனா மொட்ட அடிச்சா உனக்கு கிரிஞ்சா?"

"வேண்டுதலுக்கு மொட்ட அடிக்கறதுல இன்னாம்மா கிரிஞ்சு? இப்ப இருக்கறதுதான்..." என்று யுவஸ்ரீ இழுத்தாள்.

அந்த இழுப்பிலேயே முடி போய்விட்டது. கிருத்திகையன்று மலைமேல் கஜபதி கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தார். அழுகையே வந்தது. மழித்து முடித்தவர் பிளேடைத் துடைத்தபடி, "மீசை இருக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

இருக்கட்டும் என்று கஜபதி பதறிச் சொல்வதற்குள், தமயந்தி தலையைச் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்துடுங்க. அது மட்டும் தனியா நின்னா கிரிஞ்சா இருக்கும்."