துரை தேறமாட்டான் என்பதற்குப் பதினோரு காரணங்கள்

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து நாற்பது. டோல்கேட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் கூடைப்பந்து கிளப்பின் கேட்டைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டவை ஆறு முதுகுகள். ஆறும் கரும்பலகையைப் பார்த்தபடி குலுங்கிக்கொண்டிருந்தன. பலகையில் இருந்தது என் கையெழுத்து. எட்டு வரிகள். எட்டின் மேலும் சிவப்புச் சாக்பீஸில் பெருக்கல் குறி.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் முதல் சுற்று. பதினாறு அணிகள், எட்டு மோதல்கள். யார் யார் அடுத்த சுற்றுக்குப் போவார்கள் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே கணித்து எழுதியிருந்தேன். விடியற்காலை ஆட்டங்களைக் கிளப் செயலாளர் மணி அண்ணன் வீட்டு டிவியில் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்போம். ஊர்ப் பெயர்கள் பலருக்கு வாயில் நுழையாததால் அணிகளைச் சட்டை நிறத்தை வைத்துத்தான் சொல்வது வழக்கம். ஊதாச் சட்டை தோற்கும் என்று நான் எழுதியபோதே மணி அண்ணன், "யோசிச்சு எய்துடா. வருசம் பூரா அவன்தான் ஜெயிச்சுகினு கீறான்" என்று எச்சரித்தார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் மூன்று கடிதங்கள் அச்சாகியிருந்தன. (ஒன்றில் என் பெயரையே தப்பாகப் போட்டிருந்தார்கள்.) அந்தத் தகுதியில் என்னை நான் விமர்சகன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பலமான அணி ஜெயிக்கும் என்று ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கூடச் சொல்வார். யாருக்கும் தெரியாததைச் சொல்பவன்தான் விமர்சகன் என்பது என் கொள்கை. எட்டிலும் கொள்கைப்படி நடந்தேன்.

"கண்ண மூடிகினு எய்தியிருந்தாகூட நாலு தேறியிருக்கும்" என்றார் மணி அண்ணன். குரலில் கேலியை விட மரியாதை அதிகம் இருந்தது. "எட்டும் தப்பா சொல்றதுன்னா அதுக்கு ஒரு இது வேணும் மாமு."

அன்று மாலைக்குள் டோல்கேட் வட்டாரம் முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் கையில் தூக்கோடு ஆப்பக் கடை கன்னியம்மா நின்றார். (உள்ளே வடகறி. மூடியைத் திறக்காமலே தெரிந்தது.)

கன்னியம்மா என் நண்பன் துரையின் அம்மா. துரை ஆறடி மூன்று அங்குலம். கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தக் கூலி. எங்கள் கிளப்பில் வெளியூர் அணிகளும் பெயர் கேட்டு வைத்திருந்த ஒரே ஆட்டக்காரன். ஒரு பெரிய அலுவலகம் தன் அணிக்காக விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கப்போவதாக அறிவித்திருந்தது. தேர்வு ஜூன் முதல் ஞாயிறு. ஜூலையில் துரைக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வாழ்க்கை முழுக்க யார்டுதான்.

"நைனா, உன்னாண்ட ஒரு ஒத்தாச" என்றார் கன்னியம்மா. "எம் புள்ள செலக்சன்ல வரமாட்டான்னு ஒரு வார்த்த சொல்லு."

"இன்னாம்மா இது? அவன் என் தோஸ்து."

"தோஸ்துன்னுதான் உன்னாண்ட வந்தேன். நீ சொன்னா அத்தினியும் தலகீழா நடக்குதாமே."

"அத்த ஏன் கேக்கற கன்னிம்மா" என்று உள்ளிருந்து என் அம்மா குரல் கொடுத்தார். "போன வாரம் மழ வராதுன்னான். நம்பி வடாம் போட்டேன். அத்தினியும் கூழு."

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். போகட்டும், ஒரு வார்த்தைதானே என்று, "துரை வரமாட்டான்" என்றேன்.

கன்னியம்மா என் முகத்தை, ஆப்பம் வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தார். "இது செல்லாது."

"ஏம்மா?"

"வாயில வரமாட்டான்ற. மனசுல வருவான்னு கீது. அந்த எட்டையும் நீ மெய்யாலுமே நம்பிதான எய்தின?"

"ஆமா."

"அப்ப இத்தையும் நம்பிச் சொல்லு. மூணு வாரம் கீது. அவனாண்ட மட்டும் மூச்சு வுடாத." தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் இருந்த தர்க்கம் அன்றைக்கு என்னைத் தூங்கவிடவில்லை. துரை நிச்சயம் தேறுவான் என்று நான் நம்பினேன். நான் நம்புவது நடக்காது. ஆகவே துரை தேறமாட்டான், காரணம் நான். மூடநம்பிக்கை உள்ள ஒருவர் இதைச் சிரித்து ஒதுக்கியிருப்பார். நான் பகுத்தறிவாளன். அதனால் மிகவும் பயந்துபோனேன்.

நம்பிக்கையை உடைக்க ஒரே வழி, குறை கண்டுபிடிப்பது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு தினமும் காலையில் பயிற்சிக்குப் போனேன். முதல் பக்கத்தில் தலைப்பு எழுதி அடிக்கோடு இட்டேன்: 'துரை ஏன் தேறமாட்டான்?'

ஒன்று: கோட்டில் நின்று கூடைக்கு ஃப்ரீ த்ரோ போடும்போது முழங்காலை மடக்குவதில்லை. நான்கு: பந்து தவறினால் வானத்தைப் பார்க்கிறான், பார்த்து முடிப்பதற்குள் எதிரணி பாதி மைதானம் போய்விடுகிறது. ஏழு: இடது பக்கம் திரும்புமுன் தோள் இறங்குகிறது. ஒன்பது: எதிராளி ஜோக் அடித்தால் நின்று சிரிக்கிறான். பதினொன்று: நடு ஆட்டத்தில், அம்மா கடையை மூடிவிட்டு வந்தாரா என்று கேட் பக்கம் பார்க்கிறான்.

திரும்பும் வழியில் கன்னியம்மா கடை.

"இன்னா, நம்பிக்க போச்சா?"

"இல்லம்மா. பதினொரு தப்பு கண்டுபிடிச்சேன். அப்பவும் எடுத்துருவாங்கன்னுதான் தோணுது."

"இன்னும் நல்லா பாரு" என்று இலையில் இன்னொரு ஆப்பம் வைப்பார். நண்பனை நம்பாமல் இருப்பதற்காக மூன்று வாரத்தில் நான் சாப்பிட்ட ஆப்பங்களில் இரண்டு கிலோ எடை கூடினேன்.

தேர்வுக்கு ஆறு நாள் இருந்தபோதுதான் அது நடந்தது. நோட்டை பெஞ்சில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். தேர்வு நடக்கும் இடத்தின் முகவரியை எழுதிக்கொள்ளத் துரை அதை எடுத்திருக்கிறான். திரும்பி வந்தபோது நின்றபடி படித்துக்கொண்டிருந்தான். பதினொன்றையும் படித்தான். பக்கத்தைத் திருப்பி வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தான்.

"மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம் மாமு" என்றான். நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உன் அம்மாதான் எழுதச் சொன்னார் என்று பின்னால் ஓடிக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. (கொடுத்த வாக்கு என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அப்போது நாக்கு எழவில்லை என்பதே உண்மை.) மறுநாள் அவன் மைதானத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

கன்னியம்மா கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார். "சோறு துன்ன மாட்றான். யார்டுக்குப் போறான், வரான், கம்னு குந்திகினு கீறான். இன்னா பண்ண நீ?"

சொன்னேன். அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாம ரெண்டு பேருமா சேந்து அவன ஒடச்சிட்டமா நைனா?" என்றார். அன்று எனக்கு ஆப்பம் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஐந்தரை மணிக்குக் கிளப் தெருவில் திரும்பும்போதே பந்து சத்தம் கேட்டது. துரை மட்டும் தனியாக ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தான். முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் என் நோட்டு விரிந்து கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க மேலே அவன் செருப்பு. ஆறு வரிகளுக்கு எதிரே பென்சிலில் டிக் போட்டிருந்தான்.

என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினான். "ஏழாவது ஒண்ணியும் புரியல. தோள் எறங்குதுன்னு எய்தி வச்சிருக்க. எம்மாந்தூரம் எறங்குது? வந்து நின்னு காட்டு."

போய் நின்று காட்டினேன். (ஐந்தடி நாலு அங்குலத்தில் முடிந்தவரை காட்டினேன். அவன் சிரித்துவிட்டு, ஒன்பதாவது குறை நினைவுக்கு வந்து, சிரிப்பை அடக்கினான்.) மூன்றே நாளில் பத்துக் குறைகள் தீர்ந்தன. பதினொன்றாவதை அடித்துவிட்டான், அது தப்பில்லை என்றான்.

இப்போது என் நிலைமை இன்னும் மோசம். இவன் தேறாமல் யார் தேறுவார்?

தேர்வு நாள் காலையில் கன்னியம்மா எனக்குத் தடை போட்டார். "நீ அங்க போவாத. நின்னுகினு வருவான் வருவான்னு நெனப்ப. எங் கண்ணு முன்னால குந்து." கடை ஸ்டூலில் காவலில் உட்கார்ந்தேன். துரை அம்மா காலில் விழுந்து கும்பிட்டுப் பஸ் ஏறியதும் கடைசியாக ஒருமுறை கேட்டார். "இப்ப சொல்லு. உள்ளத சொல்லு."

பொய் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். வாய் திறந்தபோது வேறு வந்தது. "வந்துருவாம்மா. எனக்கு வேற மாதிரி நெனைக்கவே தெரியல."

சட்டியில் இருந்த ஆப்பம் கருகி, புகைந்து, ஒட்டிக்கொண்டது. அந்தக் கடையில் நான் பார்த்த முதல் கருகல் அது.

மாலை நாலரைக்குத் துரை பஸ்ஸிலிருந்து இறங்கினான். இரண்டு பேரை எடுத்திருந்தார்கள். அவன் பெயர் இரண்டாவது.

தெருவே கூடியது. கன்னியம்மா மகனைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்து என் தாடையைப் பிடித்தார்.

"நீ நல்லா இருப்ப நைனா. கடசில மனசார நம்பாம உட்ட பாரு."

"இல்லம்மா, நான் நம்பினேன். வருவான்னுதான சொன்னேன்!"

"சும்மா இரு. வாய்ல மருவாதிக்குச் சொன்ன. அடிமனசுல நீ நம்பல. பதினொண்ணு எய்தினவன்தான நீ."

எவ்வளவோ வாதாடினேன். மணி அண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர் கன்னியம்மா பக்கம் சேர்ந்துவிட்டார். என் வாழ்நாளில் சரியாகப் பலித்த ஒரே கணிப்பு, இன்றுவரை டோல்கேட்டில் தப்புக் கணக்கில்தான் இருக்கிறது. துரை வீட்டில் யாருக்குப் பரீட்சை என்றாலும், யாருக்குப் பிரசவம் என்றாலும் எனக்குப் போன் வரும்: "மாமா, கொஞ்சம் நம்பாம இருங்க."

போன வருடம் துரையின் மகளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை வைக்கக் கன்னியம்மாவே பேரன் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு மாடி ஏறி வந்தார். வாழ்த்திப் பேசுவோர் என்று பத்திரிகையில் ஒன்பது பெயர்கள் போட்டிருந்தார்கள். என் பெயர் இல்லை.