ஸ்ட்ரூயருக்கு வழி

"தேவாலயம் வந்ததும் இடது பக்கம் திரும்பிடுங்க," என்றாள் பேக்கரிக் கல்லாவில் நின்ற போடில், ரொட்டிப் பையின் மேல் பேனாவால் ஒரு சிலுவை வரைந்து. "அப்புறம் கண்ணை மூடிக்கிட்டே போகலாம்."

நோர்பி கிராமத்துத் தேவாலயத்தில் இடது பக்கம் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வதுதான் நல்லது. மூன்றாவது கிலோமீட்டரில் ஃபியோர்டு என்கிற கடல் கழியின் தண்ணீர் வந்துவிடும்.

வெர்னர் அதைச் சொல்லவில்லை. பையைத் தலைகீழாகப் பிடித்து, நேராகப் பிடித்து, "இடது பக்கமா?" என்றார்.

"இடது பக்கமேதான்."

"இந்தக் கோடு?"

"அது கோடில்லை, பேனா வழுக்கிருச்சு." போடில் கைகளைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்கு வெளியே வந்தாள். அவர் சட்டைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போய், துறைமுகத்திலிருந்து மேலேறும் கொண்டை ஊசி வளைவைக் காட்டினாள். வரிசையில் நின்ற இருவர் பொறுமையாகக் காத்திருந்தார்கள். வெர்னர் அவள் விரல் போன திசையையெல்லாம் அக்கறையாகப் பார்த்தார்.

இந்த லெம்விக்கிலிருந்து ஸ்ட்ரூயருக்கு அவர் இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவர். எந்த வளைவில் எந்த வீட்டு நாய் குரைத்துக்கொண்டு ஓடிவரும், அந்த நாய்க்கு அப்பன் எந்த நாய் என்பது வரை தெரியும்.

அப்போது குடியிருந்தது ஹோல்ஸ்டெப்ரோ என்கிற ஊரில். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. லெம்விக்தான் பஸ்ஸின் கடைசி நிறுத்தம். ஒவ்வொரு நடைக்கும் அங்கே எட்டு நிமிஷம் ஓய்வு. அந்த எட்டு நிமிஷத்தில் படகுகளைப் பார்த்தபடி காபி குடிக்கும்போதெல்லாம், இந்த ஊரில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். இப்போது ஓய்வு பெற்று, இங்கேயே வந்து இருந்து பார்த்துவிட்டார். எட்டு நிமிஷம் பார்க்கிற ஊர் வேறு, மீதி நேரமும் பார்க்கிற ஊர் வேறு.

ஆறு மாதத்தில் ஒருவரும் அவரை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. அதில் அவருக்கு வருத்தமில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் டிக்கெட் இயந்திரத்தைப் பார்ப்பார்கள், பிறகு காலியான இடத்தைப் பார்ப்பார்கள். நடுவில் இருக்கிற மனிதனைப் பார்க்க நேரம் ஏது. இந்தப் போடிலே வருஷக்கணக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்ட்ரூயரில் இருந்த அக்கா வீட்டுக்கு அவருடைய பஸ்ஸில் போனவள்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து தலை நிமிராமல் கம்பளி பின்னுவாள். அவளுக்கு வழி எப்படித் தெரியும்.

நான்தான் உங்க பஸ் டிரைவர் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். கண்ணாடி முன்னால் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதற்கு அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஆகவே ஆறு மாதமும் பேக்கரியில் பேச்சு ஒரே மாதிரிதான். "வெட்டவா, முழுசாவா?" "வெட்டுங்க." "நன்றி." அதோடு வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சிதான் பேசும். பிறகு ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் பேக்கரியில் கடற்கரைக்கு வழி கேட்டார். ஆறு மாதமாக நிமிர்ந்து பார்க்காத போடில் கல்லாவை விட்டு இறங்கி வந்து, அந்த மனிதரின் கையைப் பிடித்து, ஆறு நிமிஷம் பேசினாள். சுவர்க் கடிகாரத்தில் வெர்னர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவர் ஸ்ட்ரூயருக்கு வழி கேட்டார்.

அதற்கடுத்த நாள், "நேத்து சொன்னதுல ஒரு சின்னச் சந்தேகம்," என்று போய் நின்றார். போடில் விளக்க ஆரம்பித்ததும் வரிசையில் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"யாருக்கு வழி சொல்ற? அவருக்கா? நீ சொல்ற வழியில போனா நார்வேதான் போய்ச் சேருவாரு."

அது தாகே. அதே மாடியில் வெர்னரின் எதிர் வீட்டுக்காரர். முப்பது வருஷம் மீன் ஏலம் கூவிய தொண்டை. இத்தனை நாளும் மாடிப்படியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

"மின்சாரக் காத்தாலைங்க இருக்குல்ல, அது வரைக்கும் போங்க. பன்னிப் பண்ணை வரும். மோப்பம் பிடிச்சே கண்டுபிடிச்சிரலாம். அங்க வலது பக்கம்."

பன்றிப் பண்ணையில் வலது பக்கம் திரும்பினால் ஊரைச் சுற்றிக்கொண்டு லெம்விக்கின் குப்பைக் கிடங்குக்கே திரும்பி வரலாம். வெர்னர் அக்கறையாகத் தலையாட்டினார்.

"வலது பக்கமா," என்றார்.

"யோவ், நீ மீனைத் தவிர எதைக் கண்டே," என்றாள் போடில். "இவரைக் குழப்பாதே."

"குழப்பினது யாரு?"

வெர்னருக்கு இருவருக்கும் நடுவில் நிற்கப் பிடித்திருந்தது. ஆனால் சண்டை முற்றி, அவர் யார் பக்கம் என்று இருவரும் கேட்டார்கள். "எதுக்கும் நூலகத்துல ஒரு வரைபடம் பாத்துடறேன்," என்று நழுவினார்.

நூலகத்தில் நூலகர் இங்கர் இருந்தாள். வரைபடத்தை மேஜையில் விரித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நேர் ரோட்டுல போக முடியாதுங்க. பாலத்துல வேலை நடக்குது."

அந்த ரோட்டில் பாலமே கிடையாது.

"பெரிய வேலையா?" என்று கேட்டார் வெர்னர்.

"ரொம்பப் பெரிசு. எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாதாம். ஆமா, ஸ்ட்ரூயர்ல உங்களுக்கு என்ன வேலை?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. மேஜை மேல் ஒரு விளக்கு இருந்தது. "ஒரு மேஜை விளக்கு வாங்கணும்," என்றார்.

அதுதான் தப்பாகப் போயிற்று. மறுநாள் காலை பேக்கரியில் போடில், "விளக்கு வாங்கறீங்களாமே," என்றாள். "பெரிய கடை வீதியில ஒரு கடை இருக்கு. நீங்க போனா கண்டபடி எதையாவது வாங்கிட்டு வருவீங்க. நானும் வரேன்."

"இவ வழி சொன்னா வாங்கற விளக்கு ஃபியோர்டுல மீன் பிடிக்கத்தான் ஆகும்," என்றார் தாகே. "நானும் வரேன்."

வியாழக்கிழமை மதியம் நூலகம் சாத்திவிடுவதால் இங்கரும் வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

வெர்னருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவர் போவதற்காகவா வழி கேட்டார். ஒருமுறை போய் வந்துவிட்டால் எல்லாருக்கும் வழி தெரிந்துவிடும். பிறகு எதைக் கேட்பது. மறுபடி வெட்டவா, முழுசாவாதான்.

முதல் வியாழக்கிழமை, டயரில் காற்றில்லை என்றார். பத்து நிமிஷத்தில் அவர் வீட்டில் ஏதோ கிணுகிணுத்தது. தொலைக்காட்சியை நிறுத்திப் பார்த்தார், அப்போதும் கிணுகிணுத்தது. வாசல் மணிதான் அது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வெளியே தாகே காற்றடிக்கும் பம்புடன் நின்றார். நல்ல டயருக்கு இருவரும் ஒரு மணி நேரம் காற்றடித்தார்கள். அது கல்லாகிவிட்டது. கொஞ்சம் காற்றைத் திறந்து விட வேண்டியிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை, தொண்டை கட்டிக்கொண்டது என்றார். போடில் ஒரு பானை கோழி சூப்போடு வந்து, அவர் குடித்து முடிக்கிற வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டின் இரண்டாவது நாற்காலியில் அன்றுதான் முதல்முதலாக ஆள் உட்கார்ந்தது. "இதுக்கும் மேல சாக்குச் சொன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்," என்றாள் எழுந்து போகும்போது.

ஆகவே மூன்றாவது வியாழக்கிழமை, செப்டம்பர் வெயிலில், இரண்டு மணிக்கு அவருடைய சின்னக் காரில் நான்கு பேர் கிளம்பினார்கள். முன்சீட்டில் தாகே. பின்னால் இங்கரும் போடிலும், நடுவில் காபிக் குடுவை, டிக்கியில் ரொட்டிக் கூடை.

கொண்டை ஊசி வளைவிலேயே சோதனை ஆரம்பித்தது. பன்னிரண்டு மீட்டர் நீள பஸ்ஸைத் திருப்பிப் பழகிய கை, அந்தத் துளியூண்டு காரையும் எதிர்ப்பக்கம் வரை கொண்டுபோய்த்தான் திருப்பியது.

"தாராளமா ஓட்டறீங்க," என்றார் தாகே.

நோர்பி பஸ் நிறுத்தம் வந்ததும் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. கார் ஒழுங்காக ஓரம் கட்டி நின்றது. வலது கை, கதவைத் திறக்கிற பொத்தானைத் தேடிக் காற்றில் துழாவியது.

"ஏன் நின்னுட்டோம்?"

"எஞ்சின் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்னு."

"இரக்க மனசு," என்றாள் இங்கர்.

தேவாலயம் வந்தது. போடில் இடது என்றாள். தாகே அன்றைக்குப் பார்த்து எதிர்க்கவில்லை. சரியான வழி வெர்னரின் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதைச் சொன்னால், இத்தனை நாள் ஏன் கேட்டாய் என்பார்கள். இடது பக்கம் திரும்பினார்.

மூன்று கிலோமீட்டரில் ரோடு முடிந்தது. எதிரே தண்ணீர், ஒரு கவிழ்த்த படகு, இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாலு பசுமாடு.

"இங்க ரோடு இருந்துச்சே," என்றாள் போடில்.

"மாடு தின்னிருக்கும்," என்றார் தாகே. "காபியை ஊத்து."

காற்று காரைத் தொட்டில் மாதிரி ஆட்டியது. கண்ணாடிகள் ஆவி படிந்து மங்கின. தாகே, உயிருள்ள விலாங்கு மீன் ஒன்றை ஏலம் போட்டபோது அது வாங்கியவரின் கால்சட்டைக்குள் புகுந்த கதையைச் சொன்னார். இங்கர் சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"வியாழக்கிழமை மதியம் நூலகத்தைச் சாத்தினா," என்றாள் துடைத்தபடியே, "வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத்தான் என் குரல் எனக்கே கேக்கும்." வேடிக்கையாகத்தான் சொன்னாள். போடில் அவள் கோப்பையை மறுபடி நிரப்பினாள்.

அங்கேயே ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு தாகேயின் வழியில் போய்ப் பன்றிப் பண்ணையில் திரும்பி, குப்பைக் கிடங்கைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு இங்கர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இல்லாத பாலத்தைத் தவிர்த்து வழி சொன்னாள். அறுவடை முடிந்த வயல் ஒன்றின் நடுவே டிராக்டருக்குப் பின்னால் ஊர்வலம் போனார்கள். ஸ்ட்ரூயர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். விளக்குக் கடை ஐந்தரைக்கே சாத்தியிருந்தது. வெர்னர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். உள்ளுக்குள் அந்தப் பூட்டை வாழ்த்தினார்.

"அக்கா போனப்புறம் இந்தப் பக்கமே வரலை," என்றாள் போடில். "அவ வீட்டு முன்னாடி கொஞ்சம் மெதுவாப் போறீங்களா?"

வெர்னர் இரண்டு தெரு தாண்டி, வெள்ளிக்கிழமைதோறும் பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் நுழைந்த மஞ்சள் வீட்டின் முன் காரை மெல்ல நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் உறைத்தது. எந்த வீடு என்று அவள் சொல்லவே இல்லை. போடில் கார்க் கண்ணாடியை இறக்கினாள். ஜன்னல் திரைகள் மாறியிருந்த அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போகலாம்," என்றாள்.

"வந்த வழியே போயிருவோம்," என்றார் தாகே. "பழகின வழி."

அப்படியே போனார்கள். மாடுகளிடம் மறுபடி விடைபெற்றார்கள். வழி நெடுக வெர்னர் தம்மையே திட்டிக்கொண்டார். தங்கமான மூன்று மனிதர்கள். நாற்பது நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அவருடைய திருட்டு வாயால் ஒரு பகலையே தொலைத்திருக்கிறார்கள். விளக்கும் இல்லை. அதிலும் இந்தப் போடில், அந்த மஞ்சள் வீடு. இன்றே, பேக்கரி வாசலிலேயே, எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டும். அதன் பிறகு அவர்கள் பேசாமல் போனால் போகட்டும். ரொட்டி வேறு கடையிலும் கிடைக்கும்.

ஏழேகாலுக்குப் பேக்கரி வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். வெர்னர் கூடையை எடுக்கப் பின்பக்கம் போய், டிக்கியின் உயர்த்திய மூடிக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நான்தான் உங்க பஸ் டிரைவர். நான்தான்.

கடையின் பக்கக் கதவு திறந்தது. போடிலின் கணவர் ஹோல்கர் முழங்கை வரை மாவோடு வெளியே வந்தார். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிற மனிதர். ஆறு மாதத்தில் வெர்னர் அவருடைய கைகளைத் தவிர எதையும் பார்த்ததில்லை. ஹோல்கருக்கும் இப்போது மூடிக்குப் பின்னால் நிற்கும் ஆள் தெரியவில்லை.

"என்ன போடில்," என்றார் அவர், "வேணும்னே தப்பு வழி சொல்லியும், இன்னைக்கும் நம்ம பஸ்காரர் வாயைத் திறக்கலையா? அப்ப அடுத்த வியாழக்கிழமையும் பயணம் உண்டு, எனக்கும் ஒரு சீட்டுப் பிடிச்சு வை."