இன்டர்வெல் அக்கா பார்த்த இரண்டாம் பாதி

தமிழ் சினிமாவில் கதாநாயகனின் நண்பன் ஒருவன்கூட இதுவரை செத்ததில்லை என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஜீவன் இந்தப் பூமியில் எங்கள் இன்டர்வெல் அக்காதான். நண்பனைக் கொல்வது எப்போதும் இடைவேளைக்குப் பிறகு. அக்காவோ எந்தப் படத்தையும் இடைவேளைக்குப் பிறகு பார்த்ததே கிடையாது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பார்சல் ஆபீஸில் நான் புக்கிங் கிளார்க். அக்கா பில்லிங். நிலக்கோட்டை மல்லிகையானாலும் சிறுமலை வாழைத்தாரானாலும் அக்காவின் கையெழுத்து இல்லாமல் ஊர் தாண்டாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஞாயிறு தவறாமல் மேட்னி. திரையில் 'இடைவேளை' என்று விழுந்ததும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நல்ல படம்" என்று பக்கத்து ஸீட்டுக்காரரிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். தன் ஸீட்டை வெளியே வண்டிக்கு டோக்கன் கொடுக்கிற அண்ணனுக்குத் தந்துவிடுவார். அந்த மனிதர் பார்த்த படங்களுக்குத் தொடக்கமே கிடையாது. யார் யாருக்கு அண்ணன், எதற்காக இப்படி வெட்டிக்கொள்கிறார்கள் என்று எதுவும் தெரியாமலே வருஷக்கணக்காக அழுதுகொண்டிருந்தார்.

ஏன் அக்கா இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"பாதி வயித்தோட எந்திரிச்சாத்தான்டா தம்பி சோத்து ருசி நாக்குல நிக்கும். அம்புட்டு அழகா ஆரம்பிக்கிறாங்க, பாட்டு வைக்கிறாங்க, சிரிக்க வைக்கிறாங்க. இன்டர்வெல் விட்டதும் என்னத்தையோ குடிச்சவன் மாதிரி அருவாளைத் தூக்கிர்றாங்க. அதை நான் எதுக்குப் பாக்கணும்?"

மீதிக் கதையை அக்காவே தயாரித்துக்கொள்வார். திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ரிலீஸ். அக்காவின் இரண்டாம் பாதியில் வில்லன் புத்தி வந்து அய்யலூர் சந்தையில் ஆடு வாங்கி விற்கப் போய்விடுவான். மாமனார் தானே வந்து மன்னிப்புக் கேட்பார். ஹீரோவைப் பற்றி அக்காவுக்குப் பெரிய கவலை இல்லை. நண்பனாக வருகிற நடிகர்கள்தான் அவருக்கு உயிர். ஒவ்வொரு படத்திலும் அவர்களுக்கு ஒரு வேலையும் பெண்ணும் பார்த்து வைத்துவிடுவார்.

மேனேஜர் பாய் ஒருமுறை பொறுக்க முடியாமல் குறுக்கே விழுந்தார்.

"யக்கா, நேத்து நானும் அந்தப் படத்தைப் பாத்தேன். கடைசியில அந்தப் பொண்ணு மவுத்தாப் போயிரும்க்கா."

அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "நீங்க பாத்த தியேட்டர்ல செத்திருக்கும் பாய்."

மேனேஜர் அப்பளத்தைக் கடித்தார். அதற்கப்புறம் தான் முழுசாகப் பார்த்த படங்களுக்குக்கூட முடிவு என்ன என்று அக்காவிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஓடிடி வந்தபோது அக்கா தடுமாறிப்போவார் என்று எதிர்பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. படத்தின் மொத்த நேரத்தை இரண்டால் வகுத்து, அந்த நிமிஷத்தில் போனை அணைத்துவிடுவார். பாட்டின் நடுவில் கதாநாயகி ஒரு காலைத் தூக்கியிருந்தாலும் கவலைப்பட மாட்டார்.

புத்தகத்திலும் இதே சட்டம்தான். மாத நாவல்களில் நடுப்பக்கத்து ஸ்டேப்ளர் பின் கண்ணில் பட்டதும் மூடிவிடுவார். அட்டை விஷயத்தில் இன்னும் கறார். முடிவைக் காட்டிக்கொடுக்கிற அட்டை உள்ள புத்தகத்தைத் தொடவே மாட்டார். ஆபீஸ் நேரம் போக நான் எழுதிவந்த கட்டுரைகளைத் தொகுத்துப் போட ஒரு பதிப்பகம் முன்வந்து, மூன்று அட்டைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியது. பெருமையோடு அக்காவிடம் காட்டினேன்.

"இதென்ன, பொம்பளை முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறா? இவ வீட்டை விட்டுப் போயிருவா. வேணாம். இதுல சூரியன் மறையுது. எவனோ சாகப் போறான். வேணாம். இந்தா, மூடுன கதவு. இதை வைய்யி. உள்ள என்ன இருக்குன்னு எவனுக்கும் தெரியாது."

கதவையே வைத்தோம். தச்சு வேலை பற்றிய புத்தகம் என்று நினைத்து வாங்கியதாகவும், இருந்தாலும் பரவாயில்லை என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

இப்படிப்பட்ட அக்காவிடம் நான் போய் மாட்டிக்கொண்டது ஒரு சினிமாவால். சிறுமலை மலைப்பாதையில் படம் எடுக்க வந்தவர்கள் எங்கள் பார்சல் வேனை வாடகைக்குக் கேட்டார்கள். வேனுக்குக் காவலாக மேனேஜர் என்னை அனுப்பினார். வேனுக்கு அடித்த யோகம் எனக்கும் அடித்தது, ஒரு சின்ன வேஷம் கிடைத்தது. ஹீரோவிடம் ஒரு பெட்டியை நீட்டி, "சார், உங்க பேருக்கு ஒரு பார்சல்" என்று சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க ஆபீஸில் சொல்கிற வசனம்தான். ஆனாலும் அன்றைக்கு இரண்டு தடவை உளறினேன். எப்படியோ சொல்லி முடித்தேன். டைரக்டர் தோளில் தட்டினார். அன்று முதல் ஆபீஸில் என் நடையே மாறிவிட்டது.

உதவி டைரக்டரிடம் விசாரித்ததில் என் காட்சி இரண்டாம் பாதியில் வருகிறதாம். ஊரே பார்த்து என்ன, சினிமாவுக்குத் தீர்ப்புச் சொல்கிற அக்கா பார்க்கவில்லையென்றால் நான் நடித்து என்ன பிரயோஜனம்?

"அக்கா, எனக்காக ஒரே ஒரு தடவை..."

"ஏன்டா, முதல் பாதியில நடிக்க வேண்டியதுதான?"

"என் கையிலயா அக்கா இருக்கு?"

"அவங்ககிட்டச் சொல்லி முன்னாடி மாத்தச் சொல்லு. பார்சலை எப்பக் குடுத்தா என்ன?"

ஒரு வாரம் கெஞ்சினேன். கடைசியில், "சரி, வாரேன். நீ வந்துட்டுப் போனதும் எந்திரிச்சிருவேன்" என்றார்.

படம் வந்தது முகூர்த்த மாதத்தில். ஆபீஸில் பூக்கூடை மலைபோல் கிடந்ததால், மற்றவர்கள் அடுத்த ஞாயிறு பார்ப்பதாக முடிவானது. முதல் ஞாயிறு நானும் என் மனைவியும் அக்காவும் மட்டும் போனோம். இடைவேளை விட்டதும் பழக்க தோஷத்தில் பையை மாட்டிக்கொண்டு எழுந்த அக்கா, என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஸீட்டுக்காக வந்து நின்ற டோக்கன் அண்ணனிடம், "இன்னைக்கு இல்லைப்பா, எங்க பய நடிச்சிருக்கான்" என்றார். அரங்கில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்தில் நண்பனைக் கொன்றுவிட்டார்கள். "அம்புட்டு நல்ல பயலை எதுக்குடா குத்துனீங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரர் பாப்கார்னைக் கொட்டிவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். இருந்தும் எழவில்லை. "இன்னும் செத்த நேரம்தான, நீ வந்துருவ" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

மலைப்பாதை வந்தது. எங்கள் வேனும் வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த காட்சியில் ஹீரோ சென்னையில் இருந்தான்.

என்னை வெட்டிவிட்டார்கள். ஒருவேளை பின்னால் வருமோ என்று கடைசி எழுத்து ஓடி முடிகிறவரை மூவரும் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "பசிக்குது, பரோட்டா வாங்கிக் குடு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் லீவு போட்டுவிடலாம் என்று பார்த்தேன். மேனேஜர் விடவில்லை. மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். "என்னக்கா, நம்ம தம்பி எப்படி?" என்றார் மேனேஜர். நான் டிபன் பாக்ஸுக்குள் தலையைக் கவிழ்த்தேன்.

அக்கா நிதானமாக ஒரு வாய் சாப்பிட்டார்.

"ஹீரோ நண்பனையும் கூட்டிக்கிட்டுக் கொலைவெறியில கிளம்புறான் பாய். அருவாளோட. அந்த மலை வளைவுல நம்ம வேன் வந்து நிக்குது. இவன் எறங்குறான். 'சார், உங்க பேருக்கு ஒரு பார்சல்'னு சொல்றான் பாருங்க, எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. அவன் பிரிச்சுப் பாக்குறான். உள்ள அவங்க ஆத்தா கொடுத்துவிட்ட சட்டை. அருவாளைக் கீழ போட்டுட்டான். இவன் மட்டும் வராட்டி அந்த நண்பன் பய பொழைச்சிருக்கவே மாட்டான்."

எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். மேனேஜர் எழுந்து வந்து கைகொடுத்தார். அக்கா என் பக்கம் திரும்பாமலே தன் கத்தரிக்காய் வெஞ்சனத்தை வழித்து என் பாக்ஸில் வைத்து, "சாப்புடுடா" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையே படத்தைத் தூக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் அது எங்கும் தலைகாட்டவில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. நான் நடித்த ஒரே படம் அக்கா சொன்ன படம்தான். அதில் நான் நன்றாகத்தான் நடித்திருந்தேன்.