இரண்டாம் வகைப் பாம்பே உத்தமம்

எர்லாங்கன், மேற்கு ஜெர்மனி,
18-10-1972

பெருமதிப்பிற்குரிய மாமா கிருஷ்ணமூர்த்தி அவர்களின் சமூகத்திற்கு, மாப்பிள்ளை உமாபதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் மகள் சியாமளாவும் குளிரைத் தவிர வேறு குறையின்றி இருக்கிறோம். மாயவரத்தில் தாங்களும் அத்தையும் பசுமாடும் அவ்வண்ணமே இருக்க மாயூரநாதர் அருள வேண்டும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லாததற்கு என் ஜாதகத்திலுள்ள நாக தோஷமே காரணம் என்றும், நாகப் பிரதிஷ்டை செய்ய நாங்கள் ஊரில் இல்லாததால் உயிருள்ள பாம்பு ஒன்றை வைத்து ஒரு மண்டலம் பால் வார்த்தால் போதும் என்று ஜோசியர் சொன்னார் என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆகஸ்ட் லீவில் உங்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்த மூன்று வாரமும், வந்தவர் போனவரெல்லாம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கக் கேட்க சியாமளா முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. பாம்பு தேடக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிராவுஸ் என்றொருவர் இருக்கிறார். வீட்டு நிலவறையில் கண்ணாடிப் பெட்டிகளில் பாம்பு வளர்க்கிறார். பால் வார்க்க வேண்டும் என்றதும் மனிதர் பதறிவிட்டார். "பால் ஆகவே ஆகாது, எலிதான் தின்னும்" என்றார். பாலைப் பெட்டிக்கு வெளியே வைத்துவிட்டு எலியை உள்ளே போடலாம் என்று நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன், இதை ஜோசியரிடம் சொல்ல வேண்டாம். அடுத்து, நாங்கள் தாளிக்கிற வாசனைக்குத் தினமும் மூக்கைச் சுளிக்கும் வீட்டுக்கார அம்மாளிடம் அனுமதி கேட்கப் போனேன். "அது கடுகு தாளிக்குமா?" என்று கேட்டாள். தாளிக்காது என்றேன். "அப்படியானால் தாராளமாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவள் பேச்சு சியாமளாவையும் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது. இரண்டு வாரமாகத் தாளிக்கிற வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறாள்.

இனிதான் சிக்கல். கிராவுஸிடம் இரண்டு வகைக் குஞ்சு உண்டாம். முதல் வகையின் தாய் அமெரிக்கக் காட்டில் சூல் கொண்டு, பிடிபட்டு, கடல் தாண்டி இங்கே வந்து முட்டையிட்டது. பொரிந்தது மட்டும்தான் இந்த நிலவறையில். இரண்டாம் வகைக்கு, தாய் தகப்பன் இரண்டும் இங்கேயே வளர்ந்து இங்கேயே சேர்ந்தவை. பாட்டன் பாட்டி வரை அட்டையில் எழுதி வைத்திருக்கிறார், சாட்சாத் ஜாதகமேதான். நான் இரண்டாம் வகைதான் என்று முடிவு கட்டினேன். முதல் வகைக்குத் தகப்பன் யாரென்றே தெரியாது, காட்டில் என்ன நடந்ததோ யார் கண்டது, அந்தக் காட்டுக் குணமெல்லாம் குஞ்சுக்கு வராமலா போகும், தோஷம் போக்க வாங்கிய பாம்பே புதுத் தோஷம் கொண்டுவந்தால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? ஆனால் சியாமளா பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாள்.

"அந்த அம்மா பாம்பு வயித்துல சுமந்துக்கிட்டு கடல் தாண்டி வந்திருக்கு. அதப் போயி காட்டுதுன்னு ஒதுக்குறீங்களே, நல்லா இருக்கா?"

"குலம் கோத்திரம் பார்க்க வேணாமா சியாமளா?"

"மனுஷனுக்குப் பாத்தது போதும். பாம்புக்கு வேறயா?"

இதைச் சொல்லிவிட்டு அழுதாள், மாமா. ஒரு பாம்புக் குஞ்சுக்காக எந்தப் பெண்ணாவது அழுவாளா? தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள். ஆனால் தங்கள் பதில் வர இரண்டு வாரமாகும், கிராவுஸுக்கோ சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ஆகவே தாங்கள் சம்மதித்ததாகவே எடுத்துக்கொண்டு இரண்டாம் வகையை உறுதி செய்கிறேன். சியாமளா பல் டாக்டரிடம் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் ஒட்டித் தபாலில் சேர்த்துவிடுவேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். பசுவையும் விசாரித்ததாகச் சொல்லவும். பெரியவர்கள் ஆசியால் அடுத்த கடிதமாவது பாம்பு இல்லாமல் அமையட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
உமாபதி

பி.கு.: ஒட்டுவதற்குள் வந்துவிட்டாள். அவள் போனது பல் டாக்டரிடம் இல்லை. மே மாதம் பிரசவமாம். டாக்டர் கணக்குப்படி எல்லாம் ஆகஸ்டிலேயே ஆகிவிட்டது, பொரிப்பதுதான் எர்லாங்கனில். அதாவது மாமா, நம் வீட்டுக் குழந்தை முதல் வகை. புதுத் தாளில் எழுதலாமென்றால் தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. காட்டைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் தங்கள் மாடி அறையைக் குறிக்கும் என்று எழுதும்போது எனக்குத் தெரியாது, தயவுசெய்து அடித்துவிடுங்கள். இனிப் பரிகாரம் தேவையில்லை. ஆனாலும் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போய் அந்த முதல் வகைக் குஞ்சைத்தான் எடுத்துவரப் போகிறோம். அதன் தகப்பன் யாரென்று தெரியாவிட்டால் பரவாயில்லை. இதன் தகப்பன் மேலே கையெழுத்துப் போட்டிருக்கிறான், அழுதுகொண்டிருக்கிறான்.