மிச்சம்பிடித்த வீடு

மூன்றாம் தடவையும் சீமெந்து களவு போயிருந்தது. இந்தத் தடவை ஆறு பேக்.

சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் மர்சூக் கட்டுகிற அந்த வீடு மகள் ஸம்றாவுக்கு. வீடு முடிந்தால்தான் கலியாணம். மேசன் இளையதம்பி காவலுக்கு ஒருவரைப் போடச் சொன்னார். மாதச் சம்பளம் என்றதும் மர்சூக்குக்கு வேர்த்தது.

அன்றைக்கே தேநீர்க் கடையில் மெல்ல ஒரு கதையை அவிழ்த்துவிட்டார். வீட்டு வளவுக்குள் மனித உருவில் வருகிற ஜின் இருக்கிறது. நரைத்த தாடி, வெள்ளைச் சட்டை.

களவு நின்றது. செலவு ஒரு பிளேன்டீ.

ஆனால் இளையதம்பியின் கையாட்களும் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். கூலியைக் கூட்டித்தான் திரும்பக் கூப்பிட முடிந்தது. அவர்களும் பின்னேரம் பள்ளியில் அஸர் பாங்கு கேட்டதும் சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள்.

மேல்தளத்துக்குக் கொங்கிறீட் போட்டார்கள். ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தக் கூலியையும் மிச்சம்பிடிக்க, மர்சூக் தானே ஊற்றுவதாகச் சொன்னார். இரண்டாம் நாள் ஏறிப் பார்த்தால் தளம் முழுக்க ஏற்கெனவே நனைந்திருந்தது.

"நீங்க ஊத்தினதாக்கும் எண்டு நினைச்சன், முதலாளி," என்றார் இளையதம்பி.

மர்சூக் அவரைத்தான் நினைத்திருந்தார். மறுநாளும் தளம் ஈரம். கலைந்து கிடந்த கற்களை யாரோ வரிசையாக அடுக்கியிருந்தார்கள்.

கதை மருதமுனைவரை போய், மாப்பிள்ளையின் உம்மா அஸீஸாவின் காதில் விழுந்தது. ஜின் குடியிருக்கிற வீட்டுக்கு மகனைக் குடியனுப்ப மாட்டேன் என்று ஆள் விட்டார்.

மர்சூக் அஸீஸாவிடம் ஓடினார். சம்பளத்துக்குப் பயந்து கட்டிய பொய் என்று சொல்ல வெட்கம்.

"ஜின்னுமில்ல ஒண்டுமில்ல மச்சி. அது நான் வெச்ச காவல்காரர். தாடிக்கார மனிசன். தெரியாத ஆக்கள் பார்த்துப் பயந்துட்டாங்க."

"அப்ப வெள்ளிக்கிழம வந்து பார்க்கிறன்," என்றார் அஸீஸா.

ஒரு நாளைக்காவது ஒருவரை நிறுத்தலாமென்று மர்சூக் ஊரெல்லாம் கேட்டார். இரட்டைக் கூலிக்கும் அந்த வளவுக்குள் கால் வைக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. சரி, காவல்காரர் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார் என்று சமாளிக்கலாம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் விரைந்து வரும்போதே, அஸீஸா வீட்டைப் பார்த்து முடித்துப் படியிறங்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வீடு புடிச்சிருக்கு மச்சான், கலியாணத்துக்கு நாள் குறிங்க. உங்கட காவல்காரர்தான் ஒவ்வொரு அறையாக் கூட்டிப்போய்க் காட்டினார். நல்ல மனிசன், புள்ளைகள் குடிவந்த பொறகும் இஞ்சதான் இருப்பாராம், சம்பளமும் வேணாமாம்."