வாசலில் நிற்கும் செடி பற்றி மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே செடிகள் உட்பட எல்லாரும் சௌக்கியம். வெளியூரில் உங்கள் வயிறு சௌக்கியமா? சொல்வது எழுத்தறியாத நான், எழுதுவது உங்கள் மனைவி. கோபம் தெரியும் இடமெல்லாம் அவள் சொந்தச் சரக்கு.

திங்கட்கிழமை, நீங்கள் ஆபீஸ்காரருக்கு விற்ற அகல இலைச் செடியை லாரியில் ஏற்ற, நானும் டிரைவரும் நம் நர்சரியின் கண்ணாடிக் கூடத்து வாசல்வரை நகர்த்தினோம். மூச்சு வாங்க உட்கார்ந்து அண்ணாந்தால், இலைக்கு அடியில் முட்டைக் கொத்து. மழைக்காட்டுச் செடிகளோடு வந்து சேர்ந்ததே சிவப்புக்கண் மரத்தவளை, அதன் வேலை. கீழே தண்ணீர்த் தொட்டி இருந்ததை நம்பிப் போட்டிருக்கிறது, நாம் செடியை வெறும் தரைக்குக் கொண்டுவந்துவிட்டோம். திரும்பத் தூக்கவும் முடியாது. இதுவரை தப்பியது முட்டை இளசு என்பதால், இனி இலை ஆடினால் பாம்பு வந்துவிட்டதென்று உள்ளிருக்கும் தலைப்பிரட்டைக் குஞ்சுகள் நாள் நிறையும் முன்பே குதித்துவிடும். அதனால் சிமெண்டுத் தொட்டியைக் காலிசெய்து, வாசலுக்கு உருட்டி, இலைக்குக் கீழே நிறுத்தி, நாற்பது வாளி தண்ணீர் ஊற்றினோம்.

"தவளைக்காக லாரிய நிறுத்தினேன்னு தெரிஞ்சா எவன் பெரியவரே எனக்கு வேலை குடுப்பான்?" என்றார் டிரைவர். "அப்ப என் பக்கத்துல உக்காரு, எனக்கும் அதே கதிதான்" என்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, தூசி தட்டுகிறேன் என்று இப்படியொரு இலையை நானே உலுக்கினேன். தரையில் விழுந்த குஞ்சுகள் நாற்பத்தொன்று, பிழைத்தது மூன்று. அன்று நீங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டை, இடது கையில் பொத்தான் இல்லை. "விடுங்க மாமா, இனி உங்களைக் கேக்காம இங்கிருந்து ஒரு செடியும் நகராது" என்றீர்கள். நீங்கள் மறந்திருக்கலாம். எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு மறக்க வசதியில்லை.

ஆகவே முட்டைகள் நாள் நிறைந்து பொரியும் சனிக்கிழமைவரை செடி நகராது. ஆபீஸ்காரர் போனில் கத்தினால் கத்தட்டும். என்னை வேலையிலிருந்து நிறுத்துவதானால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நிறுத்துங்கள். "இதையெல்லாம் எழுத முடியாதுப்பா" என்கிறாள். எழுதும்மா என்றேன்.

உங்களுக்கும் தொழிலுக்கும் குறையொன்றும் வராதிருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார் (கைநாட்டு)

பி.கு.: நான் கைநாட்டுக்கு மை தேடிய நேரத்தில் டிரைவர் செடியில் சாய்ந்து தும்மிவிட்டார். குஞ்சுகள் அத்தனையும் பொலபொலவென்று தொட்டிக்குள் கொட்டின. முழங்காலிட்டுத் தேடினேன், தரையில் ஒன்றுகூட இல்லை. ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், செடியை இன்றே எடுக்கலாம். ஆனால் குஞ்சுகள் காலும் கையும் முளைத்துக் கரையேற இரண்டு மாதம் ஆகும், அதுவரை தொட்டியை அசைக்க விடமாட்டேன். தொட்டி நிற்பது வாசலை அடைத்து, செடி நிற்பது கூடத்துக்கு உள்ளே. வரும்போது சுவரில் இன்னொரு வாசல் வைக்க ஒரு கொத்தனாரை அழைத்து வாருங்கள்.