கம்பெனிக் குடை

திருமலை நாயக்கர் மகாலின் தூண் ஒன்றுக்குப் பின்னால் சட்டென்று பதுங்கினான் ஜேசுதாசன். நாலு ஆள் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற தூண். ஆனாலும் கையிலிருந்த குடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"என்னங்க, பல்லியா?" என்றாள் இசபெல்.

"பல்லியா இருந்தாப் பரவாயில்லையே! பெத்தணன் அண்ணாச்சி. அந்தா, சிம்மாசனத்துப் பக்கம். வீட்டம்மாவோட வந்திருக்காரு."

பெத்தணன், சிவகாசியில் ஜேசுதாசன் வேலை பார்க்கும் அச்சகத்தின் சூப்பர்வைசர். காலண்டர் சீசனில் லீவு கேட்ட ஒருவரைப் போன வாரம்தான், "அப்படியே வீட்டோட இருந்துக்கோப்பா" என்று ஒரேயடியாக அனுப்பிவைத்தவர்.

எல்லாம் மழையால் வந்தது. ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் இசபெல்லுக்கு அன்றைக்கு மழை லீவு. நூலகத்திலிருந்து அவள் எடுத்துவரும் மொழிபெயர்ப்பு நாவல்களில் மழை வந்தால், கணவனும் மனைவியும் ஏதோ ஒரு பழைய நகரத்தில் ஒரே குடைக்குள் நடப்பார்கள். ஆமத்தூரில் மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார்கள். கல்யாணமாகி இரண்டு வருடமாக அவள் துணிதான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மதுரைக்குப் போவோமாங்க? இன்னைக்கு ஒரு நாள்?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முதலாளிக்கே போன் போட்டான். வெறும் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். அதனால், "மதுரையில ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க மொதலாளி, டிரிப்பு ஏறுது" என்று ஈனக்குரலில் சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

இப்போது டிரிப்பும் இல்லை, கட்டிலும் இல்லை. தூண்தான் இருந்தது.

"குடைய விரிச்சு மறைச்சுக்கிடுங்க" என்று இசபெல் யோசனை சொன்னாள்.

விரித்தான். செக்கச்செவேலென்ற குடை. மேலே மஞ்சள் எழுத்தில் கம்பெனி பெயர். போன தீபாவளிக்கு வேலையாட்கள் எல்லோருக்கும் முதலாளி கொடுத்தது.

காவலாளி விசில் ஊதினார். "ஏ சார்! கூரைக்குள்ள என்ன மழையா பெய்யுது? மடக்குங்க!"

மகாலே திரும்பிப் பார்த்தது. அவசரமாக மடக்கிவிட்டு, ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தான். சிம்மாசனத்துப் பக்கம் யாரையும் காணோம்.

"போயிட்டாரு போல" என்றாள் இசபெல்.

"எங்கன போவாரு? குடையப் பாத்திருப்பாரு. நம்மளத்தான் தேடுதாரு."

"அப்ப நீங்களே முந்திக்கிடுங்க. அண்ணாச்சிக்கே போனப் போட்டு, ஆஸ்பத்திரியில இருக்கேன்னு மெதுவா முனங்குங்க."

போட்டான். அடுத்த தூணுக்குப் பின்னாலிருந்து நாதஸ்வரம் முழங்கியது. கம்பெனி மொத்தமும் கேட்டு நடுங்குகிற ரிங்டோன். மாடத்துப் புறாக்கள் படபடவென்று எழும்பின. அடுத்த நொடியே நாதஸ்வரம் அறுந்தது.

"கட் பண்ணிட்டாரு இசபெல்லு. அம்புட்டுக் கோவம். நாளைக்கு எனக்கு வேலை இல்ல."

"அத நாளைக்குப் பாப்போம். இப்ப ஓடுங்க!"

முற்றத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை விரித்தால் கம்பெனி பெயர் தெரியும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இருவரும் கைகோத்தபடி தொப்பலாக நனைந்து ஓடினார்கள். எதிரே இருந்த டீக்கடைக்குள் போய் விழுந்தபோது இசபெல்லுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் டீக்குள் விழுந்தது. அப்படியே குடித்தாள்.

"உன் நாவல்ல இந்த எடத்துல குடை இருக்குமே?"

"இருக்கும். ஆனா இம்புட்டு நல்லா இருக்காதுங்க."

வேலை போனாலும் போகட்டும் என்று ஜேசுதாசனுக்கு ஒரு கணம் தோன்றியது. சூடான பஜ்ஜியைப் பிய்த்து அவளிடம் பாதியை நீட்டினான்.

அப்போது விசில்காரக் காவலாளி, கையில் ஒரு சிவப்புக் குடையுடன் மழையில் ஓடிவந்தார். "சார், குடைய விட்டுட்டு வந்துட்டீகளே!"

ஜேசுதாசன் கக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். அவன் குடை அங்கேயேதான் இருந்தது.

"அப்ப இது அந்த ஆளுதா?" காவலாளி தலையைத் துவட்டிக்கொண்டார். "'ஜேசுதாசன ஆஸ்பத்திரியில பாத்துட்டு வாரேன்னு மொதலாளிகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன், அவன் கண்ணுல பட்டா என் வேலை போச்சு'ன்னு வீட்டம்மாகிட்டப் பொலம்பிக்கிட்டு, அடுத்த தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தாரு சார் ஒருத்தரு!"